பெட்டிச் சோதனையில் சிக்கிய நாவல்

நாமக்கல் பக்கத்து உறைவிட மேல்நிலைப் பள்ளி ஒன்றின் நிர்வாகத்தாருக்கும், பெண்கள் விடுதிக் காப்பாளர் அம்மாவுக்கும், பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம்.

உங்கள் விடுதியில் பிளஸ் ஒன் படிக்கும் ஒரு பெண்ணின் தாய்மாமன் எழுதுகிறேன். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்த பெட்டிச் சோதனையில், அவளுடைய தகரப் பெட்டியின் அடியில், துவைத்து மடித்த சுடிதாருக்கும் எள்ளுருண்டை டப்பாவுக்கும் நடுவே ஓர் ஆங்கில நாவல் அகப்பட்டது. எள்ளுருண்டையை விட்டுவிட்டீர்கள், நாவலை எடுத்துக்கொண்டீர்கள். தோட்டத்தில் மஞ்சள் வேகவைத்துக்கொண்டிருந்த என் மச்சானை வரவழைத்து, இனி இப்படி நடக்காது என்று எழுதி வாங்கினீர்கள். அவர் பாவம், கையில் மஞ்சள் கறையோடு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். குற்றம் அவருடையது இல்லை. புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவன் நான். எங்கள் பக்கம் மாமன் சீர் என்றால் பட்டுப்பாவாடையும் பொன்னும் மட்டும்தான் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை.

பள்ளியின் பெயரை எழுதாமல் விட்டது உங்களைக் காப்பாற்ற இல்லை. ஈரோட்டிலிருந்து திருச்செங்கோடு வழியாக ராசிபுரம் வரை பஸ்ஸில் போனால் இருபுறமும் மதில்சுவர் வைத்த பள்ளிகள் எத்தனையோ வருகின்றன. எதில் வேண்டுமானாலும் இது நடந்திருக்கும். கோழிப்பண்ணை ஊர் என்பதால் ‘பிராய்லர் பள்ளி’ என்று ஜனங்கள் வைத்த பெயரும் உங்கள் எல்லோருக்கும் பொதுவானதுதானே.

பதிவேட்டில் நீங்கள் எழுதியதாக மச்சான் சொன்னது இது: “பேய், மந்திரம், சாவு பற்றிய புத்தகம். மாணவியின் மனநிலையைக் கெடுக்கும்.” இதை எழுதியவர் பின்னட்டைக்கு மேல் படிக்கவில்லை என்று தெரிகிறது. அதில் பேயே கிடையாது. குறைகள் உண்டு, நிறையவே உண்டு. ஆனால் நீங்கள் சொன்னவை அவற்றில் இல்லை. அதனால்தான் இந்த மடல்.

புத்தகம் நவோமி நோவிக் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதிய ‘எ டெட்லி எஜுகேஷன்’. உயிர் வாங்கும் படிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். 2020-இல் வந்தது. 2021, 2022 ஆண்டுகளில் அடுத்த இரண்டு பாகங்களும் வந்து கதை முடிந்துவிட்டது. கதை நடக்கும் பள்ளியின் பெயர் ஸ்கோலமான்ஸ். இந்தப் பெயர் ருமேனியாவின் டிரான்சில்வேனியா மலைநாட்டுப் பழங்கதையிலிருந்து வந்தது. அங்கே சாத்தானே வாத்தியார். ஒரு வகுப்புக்குப் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்வான். படிப்பு முடிந்ததும் ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பத்தாவது ஆளைக் கட்டணமாக வைத்துக்கொள்வான். எமிலி ஜெரார்டு என்ற பெண்மணி 1885-இல் இந்தக் கதையை ஆங்கிலத்தில் பதிவு செய்தார். 1897-இல் வந்த டிராகுலா நாவலிலும் இந்தப் பள்ளியின் பெயர் வருகிறது. கட்டணம் யாரிடமிருந்து எப்படி வசூலிக்கப்படுகிறது என்ற கேள்வி அந்தப் பழங்கதையிலேயே இருந்திருக்கிறது, பாருங்கள்.

நோவிக்கின் பள்ளியில் அந்தச் சாத்தான் வாத்தியாரும் கிடையாது. ஆசிரியர்களே இல்லை. பள்ளிக்கூடம் தானாக இயங்கும் ஓர் இயந்திரம். பாடம் அதுவே கொடுக்கும், தவணை தவறினால் அதுவே தண்டிக்கும். உலகத்துக்கு வெளியே ஒரு வெற்றிடத்தில் தொங்குகிற கட்டடம் அது. பிள்ளைகள் தங்கும் அறையின் ஒரு பக்கம் சுவருக்குப் பதிலாக அந்தக் கருமைதான் இருக்கிறது. பதினான்கு வயதில், இத்தனை எடைக்கு மேல் பெட்டி கூடாது என்ற கணக்கோடு, உள்ளே எறியப்படுகிறார்கள். நான்கு வருடம் லீவு கிடையாது. குழாயிலும் சாப்பாட்டுத் தட்டிலும் புத்தக அலமாரியிலும் அவர்களைத் தின்னக் காத்திருக்கும் ஜந்துக்கள். ஒவ்வொரு வருடமும் விடுதித் தளம் ஒரு படி கீழே இறங்குகிறது. கடைசி வருடத்தின் கடைசி நாளில், ஜந்துக்கள் அடைந்து கிடக்கும் ஒரு மண்டபத்தைக் கடந்து ஓடினால்தான் வெளி வாசல். எல்லோரும் வாசலைத் தொடுவதில்லை.

ஏன் இப்படியொரு இடத்துக்குப் பெற்றோர் அனுப்புகிறார்கள்? வெளியே இருந்தால் இதைவிட அதிகம் பேர் சாகிறார்கள், அதனால். மந்திர சக்தியுள்ள பிள்ளைகளின் மேல்தான் அந்த ஜந்துக்களுக்கு நாக்கு ஊறுகிறது. ஆக, பள்ளியைக் கட்டியவர்கள் கொடியவர்கள் இல்லை. பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் கட்டினார்கள். நாவலின் முதல் பலம் இங்கே இருக்கிறது என்பேன். நல்ல எண்ணத்தில் கட்டிய ஒன்று, ‘வெளியே இதைவிட மோசம்’ என்ற ஒற்றை வாதத்தை வைத்துக்கொண்டு, உள்ளே நடப்பதையெல்லாம் நியாயப்படுத்திக்கொள்கிறது. இந்த வாதத்தை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன்.

1997-இலிருந்து 1999 வரை நானும் இப்படியொரு விடுதியில் இருந்தவன். விடிகாலை நாலரைக்கு மணி. பிளஸ் ஒன் புத்தகத்தைப் பிரிக்காமலே இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடம். உருப்போட்டு ஒப்பித்தால்தான் சாப்பாட்டு வரிசை. மாதத் தேர்வின் மார்க்கை வைத்து வகுப்பை அ, ஆ, இ என்று பிரிப்பார்கள். ‘இ’ பிரிவில் விழுந்தவனோடு பேசினால் நம் மார்க்கும் இறங்கிவிடும் என்று ஒரு நம்பிக்கை. நானும் அப்படி ஒருவனோடு பேசுவதை நிறுத்தினேன். அவன் பொங்கல் லீவுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. பனியன் கம்பெனிக்குப் போய்விட்டான் என்றார்கள். நான் 1200-க்கு 1089 வாங்கினேன். பின்னால் நானும் அதே திருப்பூருக்குத்தான் போனேன் என்பது வேறு கதை.

இந்த நாவலில் பிள்ளைகள் தனியாகக் குளிக்கப் போவதில்லை, துணைக்கு ஒருவர் வேண்டும். சாப்பாட்டு மேசையில் எங்கே உட்காருகிறாய், யாரோடு உட்காருகிறாய் என்பது உயிர்ப் பிரச்சினை. ஒரு பேனாவை இரவல் வாங்கினாலும் கணக்குத் தீர்க்க வேண்டும். எழுத்தாளர் எங்கள் விடுதியைப் பார்த்ததில்லை. ஆனால் பயத்தில் இருக்கும் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் எப்படி எடைபோடுவார்கள் என்பதை அவர் அறிந்திருக்கிறார். என் அக்கா மகள் ஐம்பது பக்கம் படித்துவிட்டு, “மாமா, இது மந்திரக் கதையே இல்லை, மெஸ் கதை” என்றாள். உங்கள் பதிவேட்டுக் குறிப்பைவிட இது நல்ல விமரிசனம்.

இன்னொரு பலம், அங்கே மந்திரத்துக்குக் கூலி உண்டு. கையை வீசினால் நடந்துவிடாது. சக்தியை உழைத்துச் சேர்க்க வேண்டும். அதை மானா என்கிறார்கள். தண்டால் எடுக்கலாம், பின்னல் போடலாம். எவ்வளவுக்கு எவ்வளவு அந்த வேலை பிடிக்கவில்லையோ அவ்வளவுக்கு அவ்வளவு சக்தி சேரும். கதை சொல்லும் எல் என்ற பெண்ணுக்குக் குரோஷே ஊசி என்றாலே எரிச்சல். அதனாலேயே அதை எடுத்துவைத்துப் பின்னுகிறாள். பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையல் மிஷினுக்கு முன்னால் துணியைக் கைமடித்துக்கொடுக்கும் பெண்கள் இதைப் படித்தால், நமக்கு இந்நேரம் மலையையே பெயர்க்கும் சக்தி வந்திருக்க வேண்டுமே என்று கேட்பார்கள். கேட்கட்டும். உழைக்காமல் சக்தி பெறவும் வழி இருக்கிறது, மற்ற உயிரிலிருந்து உறிஞ்சிக்கொள்வது. எல்லுக்கு அது மிகச் சுலபம். ஊரையே எரிக்கும் மந்திரம் அவளுக்குப் பிறவியிலேயே வாய்க்கிறது. அறையைத் துப்புரவாக்க ஒரு சின்ன மந்திரம் கேட்டாலும் பள்ளி அவளுக்கு அழிவு மந்திரத்தைத்தான் எடுத்து நீட்டும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி தண்டால் எடுக்கிறாள். பத்தாயிரம் பேரைக் கொல்லக்கூடிய பெண் ஒருத்தி, யாரையும் கொல்லாமல் இன்றைக்கு மதியச் சாப்பாடு சாப்பிட்டாக வேண்டும். கதையின் இழுவிசை அவ்வளவுதான், ஆனால் அது போதுமானதாக இருக்கிறது.

பெரிய மந்திரக் குடும்பங்கள் கோட்டை போல் வளாகம் கட்டி வாழ்கின்றன. அவர்கள் பிள்ளைகள் உள்ளே வரும்போதே மூட்டை மூட்டையாகச் சேமித்த சக்தியோடு வருகிறார்கள். வெறுங்கையோடு வந்த பிள்ளைகள் அவர்களுக்குப் பராமரிப்பு வேலை செய்து, அவர்களோடு சேர்ந்துகொள்ள ஓர் இடம் கிடைக்காதா என்று ஏங்குகிறார்கள். நியூயார்க் வளாகத்துப் பையன் ஓரியன் மட்டும் கூலி கேட்காமல் எல்லோரையும் காப்பாற்றிக்கொண்டே போகிறான். முதல் வரியிலேயே, இவன் என்னை இரண்டாம் முறையும் காப்பாற்றிவிட்டானே, இவனைக் கொன்றால் என்ன என்று எல் யோசிக்கிறாள். அவன் காப்பாற்றக் காப்பாற்ற, ஜந்துக்களுக்கு இரை குறைந்து, பசியெடுத்து, கீழ்த்தளத்திலிருந்து மேலே ஏறி வருகின்றன. ஒரு பூச்சிக்கு மருந்தடித்தால் வேறொரு பூச்சி வந்து இறங்கும் என்பது பருத்திக் காட்டுக்காரர்களுக்குத் தெரியும். ஒரு நல்ல காரியத்துக்கும் கணக்கு உண்டு என்று சொல்ல இந்த எழுத்தாளருக்குத் தைரியம் இருக்கிறது.

சாவு என்று எழுதியிருக்கிறீர்கள். ஆமாம், பிள்ளைகள் சாகிறார்கள். ஆனால் அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடக் கேட்டு வளர்ந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்லலாமா? பொன்னரும் சங்கரும் சாகும் இரவில், படுகளத்தில் இளவட்டங்கள் அருள் வந்து செத்தவர்களாக விழுந்து கிடப்பதையும், அவர்களின் தங்கை தங்காள் தீர்த்தம் தெளித்து எழுப்புவதையும் நான் ஏழு வயதில் அம்மாவைப் பெற்ற அப்புச்சியின் தோளில் உட்கார்ந்து பார்த்தேன். என் மனநிலை கெடவில்லை. அன்றைக்குப் பயந்தேன், அழுதேன், மறுநாள் அதையே விளையாடினோம். செத்தவனாக விழுவது யார் என்பதில்தான் சண்டை. இருட்டுக் கதை பிள்ளைகளைக் கெடுக்கும் என்றால், எங்கள் ஊர் மாரியம்மன் கோயில் மேடையை முதலில் பூட்ட வேண்டியிருக்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். என் அக்கா மகளுக்கும் எனக்கும் இதில் சண்டை நடந்திருக்கிறது, அதனால் கொஞ்சம் சூடாகவே சொல்வேன்.

எல் பேசிக்கொண்டே இருக்கிறாள். ஒரு ஜந்து அவள் மேல் பாயும். பாய்ந்தது காற்றில் நிற்க, அந்த ஜந்தின் குலம் கோத்திரம், அது முட்டையிடும் விதம், போன நூற்றாண்டில் அதை ஒழிக்க நடந்த முயற்சி எல்லாம் இரண்டு பக்கத்துக்கு வரும். ஒருவர் கேள்வி கேட்டால் பதில் அடுத்த பக்கத்தில் இருக்கும். அதற்குள் கேள்வி மறந்துபோகும். முதல் பாதியில் நடப்பதைவிட விளக்குவதே அதிகம். நோட்ஸ் படிக்கிற அலுப்பு. உங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு அது பழக்கமானது என்பதால் வேண்டுமானால் தாங்குவார்கள். எல்லின் கசப்பான கிண்டலும் முதல் நூறு பக்கத்துக்குச் சுவை. பிறகு பாகற்காயிலேயே மூன்று வேளையும் சாப்பிட்டது போல் ஆகிவிடுகிறது. “அவள் பயந்தவள் மாமா, பயந்தவள் அப்படித்தான் பேசுவாள்” என்பது என் அக்கா மகளின் கட்சி. ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் கொஞ்சம் மூச்சு விடலாம்.

ஓரியன் முதல் பாகத்தில் ஒரு மனிதனாகவே வரவில்லை. எல்லைச்சாமி குதிரை மேல் நிற்கிற மாதிரி, அரிவாளோடு நிற்கிறான். அவனுக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்த பாகங்களைப் படித்தால்தான் தெரிகிறது. முதல் புத்தகத்தின் கடைசிப் பக்கமும் அப்படித்தான், ஒரு கயிற்றை வீசிவிட்டு நம்மை அடுத்த புத்தகத்துக்கு இழுக்கிறது. வியாபாரம் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு மிகவும் உறுத்தியது வேறு. உலகத்தின் எல்லாத் திசையிலிருந்தும் பிள்ளைகள் அந்தப் பள்ளிக்கு வருகிறார்கள். ஆனால் பலர் பெயராகவும் மொழியாகவும் மட்டுமே நிற்கிறார்கள். மொழி அங்கே பண்டமாற்றுச் சரக்கு. எந்த மொழி தெரிந்தாலும் அதில் மந்திரம் வாங்கலாம், விற்கலாம். யோசனை அருமை. ஆனால் அந்த மொழியில் யார் தாலாட்டுப் பாடினார்கள், யார் வைதார்கள் என்று தெரிவதில்லை. எல்லின் அப்பா மும்பைக் குடும்பத்தவர், அம்மா வேல்ஸ் நாட்டு வைத்தியக்காரி. மும்பைக் கொள்ளுப்பாட்டி குறி சொல்லி, இந்தக் குழந்தை நாசத்தைக் கொண்டுவரும் என்றதும் அம்மா தூக்கிக்கொண்டு ஓடிவருகிறாள். முதல் பாகத்தில் இந்தியா என்பது பெரும்பாலும் இந்தக் குறியும் இந்த ஏச்சும்தான். சமஸ்கிருதத்தில் ஒரு பழைய மந்திர நூல் எல்லின் கைக்கு வருகிறது. அதை எழுதியவன் பெயர் புரோசனன். பாரதம் கேட்டவர்களுக்குப் பாண்டவர்களுக்காக அரக்கு மாளிகை கட்டிய புரோசனன் நினைவுக்கு வராமல் போகாது. பாதுகாப்பு என்று சொல்லிக் கட்டப்பட்ட, உள்ளிருப்பவரை எரிக்கும் வீடு. இவ்வளவு பொருத்தமான பெயரை எடுத்துவைத்துக்கொண்டு, முதல் பாகத்தில் அதை இன்னும் விரித்துக் காட்டவில்லையே என்று எனக்கு ஆற்றாமை.

இன்னும் ஒன்று. முதல் பதிப்பில், கறுப்பின மக்கள் வைத்துக்கொள்ளும் சடைமுடியில் ஜந்துக்கள் முட்டையிடும் என்பது போல ஒரு பத்தி இருந்தது. அந்த முடியை அழுக்கு என்று இழிவு செய்த நெடுங்காலப் பேச்சின் எதிரொலி அது என்று வாசகர்கள் கண்டித்தார்கள். எழுத்தாளர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, அடுத்த அச்சுகளில் அதை நீக்குவதாக அறிவித்தார். சடைமுடி வைத்தவரைக் கண்டால் கும்பிடுகிற ஊர்க்காரன் நான், எனக்கு அந்தப் பத்தியின் காயம் படித்த உடனே புரியவில்லை. மற்றவர்கள் சொல்லித்தான் புரிந்தது. இதைப் பற்றி உங்கள் வகுப்பில் ஒரு பீரியட் பேசியிருக்கலாம். எழுதியவர் தவறு செய்தார், படித்தவர்கள் சொன்னார்கள், எழுதியவர் திருத்தினார். பதினாறு வயதில் இதைக் கேட்பதால் மார்க் குறையாது.

பெரிய பலவீனம் ஒன்று மிச்சம் இருக்கிறது, இதை நான் உங்களிடம்தான் சொல்ல முடியும். அந்தப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, காப்பாளர் இல்லை, நிர்வாகம் இல்லை. அதனால் கொடுமைக்கு முகம் இல்லை, பல் மட்டும்தான் இருக்கிறது. பல்லுள்ள ஜந்தை எதிர்ப்பது சுலபம். அன்பாகப் பேசும் வார்டன், பிள்ளையின் நன்மைக்காகவே கடிதத்தைப் பிரித்துப் படிக்கும் மேலாளர், ‘எப்படியாவது தேற்றிவிடுங்கள்’ என்று கைகூப்பும் அப்பா, இவர்களில் ஒருவரை உள்ளே வைத்து நோவிக் எழுதியிருந்தால் எனக்கு இன்னும் பயமாக இருந்திருக்கும். பெரியவர்களின் கணக்கு மூன்றாம் பாகத்தில்தான் தீர்க்கப்படுகிறது. அந்தக் கோட்டை வளாகங்கள் எதன் மேல் கட்டப்பட்டன என்ற முடிச்சை நான் அவிழ்க்க மாட்டேன். ‘பாலம் கட்டப் பிள்ளை பிடிக்கிறவன் வருகிறான்’ என்று அப்புச்சிகள் மிரட்டி வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது வேறு யாரையும்விடச் சீக்கிரம் விளங்கும்.

2017-இல் அரசு மாநில ரேங்க் பட்டியலை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பிளஸ் ஒன்றுக்கும் பொதுத்தேர்வு வந்தது, 2025-26-இல் அது நிறுத்தப்படும் வரை அதை உருட்டிவிட்டுப் பிளஸ் டூவுக்குத் தாவ முடியாமல் இருந்தது. ஆனாலும் உங்கள் வாசலில் மார்க்கும் முகமுமாகப் பேனர் இன்றைக்கும் இருக்கிறது. சிரிக்கும் முகங்கள் பத்தோ பன்னிரண்டோ. உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் பேனரில் இல்லாத முகங்களைத்தான் எண்ணிப் பார்க்கிறேன், பழக்க தோஷம்.

புத்தகத்தை இப்போதே அவளிடம் திருப்பிக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. மார்ச் மாதம் பரீட்சை இருக்கிறது, அவளுக்கும் அது தெரியும். அதுவரை உங்கள் அலுவலக அலமாரியிலேயே இருக்கட்டும். ஆனால் அலமாரியில் சும்மா கிடக்க வேண்டாம். காப்பாளர் அம்மா இரவு ஒன்பதரைக்கு மேல் ஸ்டடி ஹாலில் நாற்காலி போட்டுத் தனியாக உட்கார்ந்திருப்பார் என்று அக்கா மகள் சொன்னாள். அந்த நேரத்தில் படிக்கலாம். ஆங்கிலம் கொஞ்சம் கடினம்தான், சலிக்கிற இடத்தில் தாவிவிடுங்கள், குற்றமில்லை, நானும் தாவினேன். படித்த பிறகும் கூடாது என்று தோன்றினால் ஏன் என்று எனக்கு ஒரு வரி எழுதுங்கள். பரீட்சை முடிந்து அழைத்துப்போக வரும்போது நானே நேரில் வந்து கேட்டுக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும். நடுவில் ஒரு பக்கத்தில் கோபி பஸ் டிக்கெட் ஒன்று செருகியிருக்கும். அவள் படித்து நிறுத்திய இடம் அது. எடுத்துவிட்டால், மறுபடி அதே பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மாணவி ஒருத்தியின் தாய்மாமன்,
திருப்பூர்